இத்தாலிக்காரன் காதும் இனியா காதும்

"சொக்கலிங்கப் பத்தர் குழுவிலிருந்து வெளியேறினார்."

கைப்பேசியில் இந்த ஒற்றை வரி வந்து விழுந்தபோது நான் இனியாவுக்குப் பருப்புச் சாதம் மசித்துக்கொண்டிருந்தேன். நெய்க் கையோடு தொட்டதில் திரை வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதே வரிதான்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே என் மாமியார், காய்ந்த குழந்தைத் துணிகளை உதறி மடித்துக்கொண்டே, "நாளைக்கே போயி சொக்கலிங்கப் பத்தருக்கு வெத்தல பாக்கு வச்சுட்டு வந்துருங்க. இன்னும் எட்டு நாள்தான இருக்கு?" என்றார்.

எட்டு நாளில் இனியாவுக்குக் காதுகுத்து. குத்த வேண்டியவர் எங்கள் குடும்பப் பொற்கொல்லர் சொக்கலிங்கப் பத்தர். அவரைக் குழுவை விட்டு வெளியேற வைத்தவள் நான்.

போன வாரம் இந்தத் தொடரில் இனியா சுவரைப் பிடித்து எழுந்து நின்ற கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் அவளுடைய காதைப் பற்றி எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடுவில் வரும் ஓர் இத்தாலியக் கௌபாய் படத்தை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்தேன். இரண்டு பத்தி எழுதி அடித்துவிட்டேன்.

சத்தமில்லாத துப்பாக்கிகள்

முதல் நான்கு மாதம் இனியா என் மடியில் மட்டுமே தூங்கினாள். தொட்டிலில் போட்டால், முதுகு துணியில் படுவதற்குள் கண்ணைத் திறந்துவிடுவாள். மடியிலும் நான் அசையக் கூடாது. தும்மக் கூடாது. ஒரு கை அவள் தலைக்கு அடியில், இன்னொரு கையில் கைப்பேசி. சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு எதையாவது பார்ப்பேன்.

நம் படங்களைச் சத்தமில்லாமல் பார்க்க முடியாது. எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். உதட்டைப் பார்த்து ஊகிப்பதற்குள் தலை வலித்துவிடும். அப்போதுதான் தற்செயலாக இத்தாலியில் எடுத்த கௌபாய் படம் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். புழுதி பறந்தது. ஒருவன் கண்ணைச் சுருக்கினான். இன்னொருவன் விரலை அசைத்தான். இனியா பசித்து எழும்வரை அவ்வளவுதான் நடந்தது. பிள்ளை பெற்றவளுக்கென்றே எடுத்த படம்!

நான் கணிதம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் ஒரு பள்ளியில் பாடம் எடுத்தவள். பால் கொடுக்கும்போது துப்பாக்கிப் படம் பார்த்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று இணையத்தில் தேடினேன். விடை இல்லை. உலகத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை போலிருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

அப்படிப் பார்த்த பத்துப் பதினைந்து படங்களில் ஒன்றுதான் 'கடுக்கன்'. அது படத்தின் உண்மையான பெயர் இல்லை. உண்மையான பெயர் இத்தாலிய மொழியில் ரயில் நீளத்துக்கு இருக்கும். காரைக்குடிப் பக்கத்து ரசிகர்கள் வைத்த பெயர்தான் கடுக்கன். கதாநாயகன் ஒரு கொள்ளைக்காரன், ஒரு காதில் மட்டும் பொன் வளையம் போட்டிருப்பான்.

அதிகம் பேர் பார்த்த படமில்லை. தேடினால் வெளிநாட்டு ரசிகர்கள் நாலைந்து பேர் கருத்துச் சொல்லியிருப்பார்கள். குதிரைகள் நன்றாக நடித்திருப்பதாக ஒருவர். இசைக்காகப் பார்க்கலாம் என்று இன்னொருவர். எனக்குத்தான் இசையே கிடையாதே! பாதியில் நன்றாகத் தூங்கிவிட்டதாக மூன்றாமவர் எழுதியிருந்தார். அவரைப் பெற்ற அம்மாவை நினைத்துப் பொறாமையாக இருந்தது.

கதை இவ்வளவுதான். முதல் பாதியில் கடுக்கன்காரன் வண்டிகளைக் கொள்ளையடிக்கிறான், சாராயம் குடிக்கிறான், ஒரு விதவையைக் காதலிக்கிறான். கன்னத்தில் தழும்புள்ள வில்லன் அவனைச் சுட்டு ஆற்றில் தள்ளுகிறான். இரண்டாம் பாதியில் அவன் திரும்பி வருகிறான். சாராயத்துக்குப் பதில் பால் குடிக்கிறான். அந்த விதவையை யாரோ போலப் பார்க்கிறான். கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் வில்லனைத் தீர்த்துக்கட்டிவிட்டுத் தனியாகக் குதிரையில் போகிறான்.

பட்டறையில் ஒரு காது

இனியாவுக்கு அரைஞாண் வாங்கப் பத்தரின் பட்டறைக்குப் போனபோதுதான் விஷயம் தொடங்கியது. எங்கள் வீட்டுக்காரர்கள் வழிவழியாக நகை செய்வது அவர் குடும்பத்திடம்தான். அறுபதை நெருங்கும் வயது. கரியும் புளித்தண்ணீரும் கலந்த வாடையில், தராசுப் பெட்டியின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெள்ளியை உருக்கிக்கொண்டிருந்தார். திரையில் ஒருவன் குதிரையிலிருந்து இறங்கினான்.

"இது ஆத்துல விழுந்தவன்தானே?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

பத்தர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். "என்ன சொன்ன தாயி?"

"இல்ல... ஒத்த வளையம் போட்டிருப்பானே. பாத்த மாதிரி இருந்துச்சு."

"எத்தன தடவ பாத்திருக்க?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டா!" அவருக்கு என்மீது பெரிய பரிதாபம் வந்துவிட்டது. "சரி, சொல்லு. எந்தக் காதுல வளையம்?"

"இடது காது."

"அது மொதப் பாதில. ரெண்டாம் பாதில?"

நான் கவனித்திருக்கவில்லை. கரும்பலகை முன் விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைபோல நின்றேன்.

"வலது," என்றார் பத்தர். உருகிய வெள்ளியை அப்படியே விட்டுவிட்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "ரெட்டப் பிறவி தாயி! ஆத்துல செத்தவன் வேற, திரும்பி வந்தவன் வேற. ஒருத்தனுக்கு இடது, இன்னொருத்தனுக்கு வலது. அடையாளம் தெரியட்டும்னு அவுக ஆத்தா குத்தி விட்டுருக்கா. அதான் இவன் பாலக் குடிக்கிறான். அதான் அந்தப் பொம்பளையத் தெரியல. படத்துல ஒரு எடத்துலயும் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். காதப் பாக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் வெளங்கும்."

இளவட்டமாக இருந்தபோது ஊர்க் கொட்டகையில் காலைக் காட்சியாக அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தாராம். நாலாவது தடவையில் காது மாறியது கண்ணில் பட்டதாம். அன்றைக்கு நாளெல்லாம் சாப்பிடவே தோன்றவில்லையாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெற்ற பிள்ளைகளை அடையாளம் காண ஒரு தாய் காது குத்திவிட்டாள் என்றதும் கண்ணில் நீரே வந்துவிட்டது. பிள்ளை பெற்ற புதிதில் எதற்குத்தான் கண்ணீர் வரவில்லை!

அன்றைக்கே என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார்.

குழு

முப்பது பேர் இருப்பார்கள். பேசுவது மூன்று நான்கு பேர்தான். சிவகங்கைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் நடராசன் சார்தான் குழுவை நடத்துபவர். ஒருவன் பேரில் போட்ட பிடியாணையை அவனுடைய இரட்டைச் சகோதரன்மீது நிறைவேற்றினால் அது செல்லுமா என்று அவர் ஒரு மாதம் வாதாடினார். திருப்பத்தூரில் விதைக்கடை வைத்திருக்கும் சலீம் பாய்க்கு வேறு கவலை. படத்தில் எரியும் சோளக்காட்டில் இருப்பது சோளமே இல்லை என்பது அவர் கட்சி. "அது ஏதோ நாணல் தட்ட. ஒரு வெதக் கடைக்காரனக் கூப்ட்டுக் கேட்டுருந்தா சொல்லிருப்பான்ல?" என்று குரல் செய்தி அனுப்புவார். இனியா எழுந்துவிடக் கூடாதென்று குரல் செய்திகளை நான் குளியலறையில் கேட்பேன்.

எதில் சண்டை போட்டாலும் எல்லோரும் ஒன்றில் உடன்பட்டார்கள். இரட்டையர். அதனால்தான் அந்தப் படம் மற்றப் படங்களுக்கு மேல். இயக்குநர் இரகசியத்தை ஒரு காதில் ஒளித்து வைத்தார். அதை உலகத்தில் ஒரே ஓர் ஆள் கண்டுபிடித்தார். அந்த ஆள் காரைக்குடிக்காரர்.

எனக்கும் அதில் பெருமையாக இருந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முடிதிருத்தும் கடை

ஒரு மத்தியானம், இனியா மடியில். ஏழாவதோ எட்டாவதோ தடவை கடுக்கன் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இசையைக் கேட்டார்கள், காதைப் பார்த்தார்கள். எனக்கு இசை இல்லை, காது பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால் பின்னாலிருந்த கடைப் பலகையைப் படித்தேன்.

படிக்க முடியவில்லை.

வளைத்து வளைத்து எழுதிய பழைய ஆங்கில எழுத்துகள், அதனால்தான் என்று நினைத்தேன். நிறுத்திப் பெரிதாக்கினேன். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தன. முடிதிருத்தும் கடை, ஆனால் புரண்ட முடிதிருத்தும் கடை.

முதல் பாதிக்குப் போனேன். அதே கடை, அதே பலகை, எழுத்து நேராக இருந்தது. இரண்டாம் பாதி, புரண்டது. கடுக்கன்காரனின் துப்பாக்கி உறை முதல் பாதியில் வலது இடுப்பில், இரண்டாம் பாதியில் இடது இடுப்பில். சரி, இரட்டையரில் ஒருவன் இடதுகைக்காரனாக இருக்கலாம். வில்லனின் தழும்பைப் பார்த்தேன். அதுவும் கன்னம் மாறியிருந்தது.

அப்படியென்றால் வில்லனுக்குமா இரட்டைப் பிறவி? கடைக்காரனுக்கும்? கடைக்கும்?

இரட்டையர் இல்லை. படத்தை நகல் எடுத்த யாரோ பாதிச் சுருள்களைப் புரட்டிப் போட்டுவிட்டார். அவ்வளவுதான்!

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். மடி ஆடியதில் இனியா எழுந்து, என்னைப் பார்த்து, அவளும் சிரித்தாள். இப்படி ஒரு சந்தோஷம் கல்லூரியில் ஒரு கணக்குக்கு நானாக வழி கண்டுபிடித்தபோது வந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

உடனே பயமும் வந்தது. நான் பார்த்தது சரிதானா? இனியாவின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் காட்சிகளை வரிசையாக எழுதினேன், எழுத்து, உறை, தழும்பு. மூன்று நாள் சரிபார்த்தேன். பிறகு, சொல்லலாமா? பத்தர் வருத்தப்படுவாரா? சொல்லாமல் இருந்தால் அது பொய்யா? என் கணவர் கதிர் சிவகங்கையில் அரசு வேலை பார்க்கிறார். மாலைப் பேருந்தில் களைத்து வந்தவரிடம் கேட்டேன்.

"படத்தத் திருப்பிப் போட்டானா, ஆளு ரெண்டா... இதுக்கா மூணு நாளா சாம்பார்ல உப்பு இல்ல?" என்றார்.

நான்காம் நாள் இரண்டு படங்களை வெட்டியெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், பெரியவர்கள் மன்னிக்கவும்" என்று தொடங்கி எட்டு வரி எழுதிக் குழுவில் போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து நடராசன் சார், "அப்ப பிடியாணை செல்லும்" என்று எழுதினார். சலீம் பாய் நீளமாக ஒரு குரல் செய்தி போட்டார். குளியலறைக்கு ஓடிப்போய்க் கேட்டேன். முழுக்கச் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. யாரோ ஒருவர் வில்லனின் இரட்டைச் சகோதரனுக்கு அஞ்சலி செலுத்தி மாலை போட்டிருந்தார். இன்னொருவர் கடைசியில் குதிரையும் இரட்டைதானா என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. நெய்யை உருக்கி, பருப்பை மசிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த வரி வந்தது.

வெற்றிலை பாக்கு

மறுநாள் ஞாயிறு. நானும் கதிரும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயோடு பட்டறைக்குப் போனோம். வளையத்துக்கான தங்கத்தை முன்பே கொடுத்திருந்தோம்.

"வாங்க. உக்காருங்க. என்ன சாப்புடுறீக?" என்றார் பத்தர்.

எப்போதும் "வா தாயி" என்பவர். அந்த மரியாதை என் முதுகில் பனிக்கட்டி வைத்ததுபோல இருந்தது.

கதிர் நாளையும் நேரத்தையும் சொன்னார். பத்தர் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "இப்பல்லாம் துப்பாக்கி வச்சுக் காது குத்துறாகளாம்ல? டப்புன்னு முடிஞ்சிருமாம். உங்க வீட்டுல துப்பாக்கியெல்லாம் நல்லா வெவரமாப் பாக்குறவுக இருக்கீக. அங்குட்டே போயிருக்கலாமே," என்றார்.

"ஏன் பத்தரே இப்படிப் பேசுறீக?" கதிருக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கப்பாவுக்கு உங்கப்பா குத்துனாக. எனக்கு நீங்க குத்துனீக."

"குத்துனோம். இல்லைங்கல. இந்தப் பத்தனுக்குக் காதப் பத்தி என்ன தெரியும்னு இப்பக் கேள்வி வந்துருச்சுல்ல?"

தாம்பாளத்தை நீட்டினேன். வழக்கமாகக் கை நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பத்தர் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "அங்குட்டு வச்சுட்டுப் போங்க," என்று முக்காலியைக் காட்டினார்.

வைத்துவிட்டு வந்தோம். அது வாங்கிக்கொண்டதா, இல்லையா?

"வாங்குனாராடி?" என்று வீட்டில் அத்தை கேட்டார்.

"வைக்கச் சொன்னாரு அத்தை."

"வைக்கச் சொன்னாரா, வாங்குனாரா?"

அன்று முழுக்க இதே கேள்வி. கடைசியில் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். மடி, கைப்பேசி, இத்தாலி, இரட்டையர், பலகை. அத்தை புளியை உருட்டி உருட்டி வைத்தபடியே முழுக்கக் கேட்டார்.

"ஆக, எந்த ஊர்லயோ இருக்குற இத்தாலிக்காரன் காதுக்காக எம் பேத்தி காது நிக்குது."

"ஆமாம் அத்தை."

"ரெட்டையருதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். அவன் என்ன உங்க சித்தப்பன் மகனா, இருக்கானா செத்தானான்னு நமக்கு என்ன?"

அது சரிதான் என்று தோன்றியது. வேறு ஆளை வைத்துக் குத்திக்கொள்ளலாம் என்று கதிர் சொன்னதற்கு, "எங்கிட்டு இருக்கான் வேற ஆளு? இந்த வீட்டுக் காத வேற கை தொட்டதில்ல" என்று அத்தை ஒரே பேச்சில் மூடிவிட்டார். எனக்கும் வேறு கை வேண்டாம். பத்தர் குத்திய காது சீழ் பிடிப்பதில்லை என்று ஊரே சொல்லும். பதினோரு மாதக் குழந்தை. கம்பி கோணலாக இறங்கினால்? வீங்கினால்? காய்ச்சல் வந்தால்? ஒரு பொய்க்கும் ஒரு காய்ச்சலுக்கும் நடுவில் எந்தத் தாய் யோசிப்பாள்?

"ஐயா, நான் மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி" என்று பத்தருக்குத் தனியாகத் தட்டினேன். அனுப்பும் இடத்துக்கு விரல் போனது. அழுத்தவில்லை. அழித்தேன். மறுநாள் மறுபடி தட்டினேன். மறுபடி அழித்தேன். பள்ளியில் இரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவள். தப்பென்று தெரிந்த விடைக்குச் சரி போட இந்தக் கை வரமாட்டேன் என்கிறது. நல்ல தாய் போட்டிருப்பாள் என்றும் தோன்றியது. ஐந்து நாள் இப்படியே ஓடியது.

முதல் காது

குலதெய்வக் கோயில் திருப்பத்தூர் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையிலேயே வேனில் போய் இறங்கினோம். பொங்கல் வைத்தாயிற்று. இனியாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. வேப்பமரத்து நிழலில் தாய்மாமன் மடி தயார். என் தம்பி பாலா பட்டு வேட்டியில் சம்மணமிட்டு, இனியாவைவிட அதிகமாகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான். நாற்பது சொந்தக்காரர்கள். பத்தரைக் காணோம்.

"நல்ல நேரம் போகுதே," என்றார் ஒரு பெரியம்மா.

"வாங்குனாரா, வைக்கச் சொன்னாரா?" என்று அத்தை என் காதோரம் வந்து மறுபடி கேட்டார்.

அப்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு மொபெட் வந்தது. பத்தர்! வெள்ளை வேட்டி, மடியில் பொட்டலம். மொபெட்டுக்குப் பின்னால் ஓர் ஆட்டோ. அதிலிருந்து இறங்கிய இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் சிரித்ததும் குளியலறையில் கேட்ட அந்தச் சிரிப்பு. சலீம் பாய். அப்படியென்றால் மற்றவர் நடராசன் சார்.

"சாட்சிக்குக் கூட்டியாந்தேன்," என்றார் பத்தர். கை கால் கழுவினார். சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். இனியாவின் எதிரில் உட்கார்ந்து, குங்குமத்தைத் தொட்டு இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். எட்டிப் பார்த்து, சரிபார்த்து, இடது புள்ளியை அழித்து ஒரு நூல் கீழே மறுபடி வைத்தார்.

பெண் பிள்ளைக்கு இடது காது முதலில். "இதுதான இடது?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார். "இல்ல, புரட்டிப் போட்டுருக்கா?"

சொந்தக்காரர்களுக்கு விளங்கவில்லை. சலீம் பாய் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு நொடி. கம்பி இறங்கி, வளைந்து, வளையமாகிவிட்டது. இனியா ஒரு மூச்சு இழுத்து, நிறுத்தி, பிறகு கோயில் மணியைத் தோற்கடித்தாள். பாலாவும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கத்தினான். நான் வாழைப்பழம், கிலுகிலுப்பை, கைதட்டல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தேன். பத்தர் அடுத்த கம்பியை எடுத்தார்.

"பத்தரே," என்றார் நடராசன் சார் பின்னாலிருந்து, "அந்தக் கல்லறக் காட்சியச் சொல்லிறலாமே?"

பத்தரின் கை நின்றது.

"இருய்யா, வேலைய முடிச்சுக்கிறேன்."

"இல்ல, அப்பறம் அவுக பந்தி, பொங்கல்னு போயிருவாக."

பத்தரால் முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "தாயி, ஏழு நாளா தூங்கல நானு. மறுபடி பாத்தேன். கல்லறத் தோட்டம் ரெண்டாம் பாதியில வருது. அங்க சிலுவையெல்லாம் நேராத்தான் நிக்குது. புரளல. ஆனா வளையம் வலது காதுலதான் இருக்கு. இதுக்கு என்ன சொல்ற?"

நான் இனியாவைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம், கன்னத்தில் கண்ணீர், ஒரு காதில் மட்டும் பொன் வளையம். சின்னக் கொள்ளைக்காரி!

விடை எனக்குத் தெரியும். கம்பி அவர் கையில் இருந்தது.

"கேக்குறாருல்ல, சொல்லேன்," என்றார் அத்தை. கண்ணால் வேறு ஒன்றைச் சொன்னார்.

"ரெண்டாவது காதக் குத்துங்க பத்தரய்யா. அப்பறம் சொல்றேன்."

"இப்பச் சொன்னா என்ன?"

"இப்பச் சொன்னா பொய் சொல்லிருவேன்."

பத்தரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை. சலீம் பாய் வெடித்துச் சிரித்ததும் அவரும் உடைந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை நிதானமாக்கி, வலது காதைக் குத்தினார். முதல் காதைவிடச் சுத்தமாக இறங்கியது. குலவை போட்டார்கள்.

கம்பிப் பொட்டலத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டார். "ம். இப்ப?"

"சிலுவையப் புரட்டிப் போட்டாலும் சிலுவைதான் பத்தரய்யா," என்றேன். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான இருக்கும்? எழுத்துதான் காட்டிக்குடுக்கும்."

பத்தர் தரையில் விரலால் ஒரு சிலுவை போட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

அத்தையின் கருத்து

இனியா அத்தையின் தோளில் விசும்பிக்கொண்டிருந்தாள். அத்தை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளு தங்கச்சி," என்றார் பத்தர்.

"ரெண்டு காதும் குத்தியிருந்தானா அவன்?"

"யாரு?"

"அதான், உங்க ஆளு. ரெண்டு காதும் குத்தி, ஒரு வளையம் தொலஞ்சிருக்கும். இருக்கிற ஒண்ண மாத்தி மாத்தி மாட்டியிருப்பான். ஒரே காதுல கெடந்தா இன்னொரு ஓட்ட தூந்துபோகும்ல? எனக்குக் கல்யாணமான புதுசுல ஒரு தோடு கெணத்துல விழுந்துருச்சு. ஆறு மாசம் நான் அப்படித்தான் போட்டேன். ஒரு வாரம் இங்குட்டு, ஒரு வாரம் அங்குட்டு."

பத்தர் தன் காது மடலைத் தடவிப் பார்த்தார். காது குத்துவதே தொழிலாக உள்ள மனிதர். தூர்ந்துபோன ஓட்டைகளை எத்தனை பேருக்குத் திறந்துவிட்டிருப்பார்!

"எனக்குத் தோணலையே," என்றார் மெதுவாக. "ஏ தங்கச்சி, நாப்பது வருசமா எனக்குத் தோணலையே!"

"அப்ப எழுத்து ஏன் புரண்டுச்சு?" என்று நான் விடவில்லை.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் காதப் பத்தித்தான் பேசுறேன்."

அதற்குப் பிறகு நடந்ததைக் கோவையாகச் சொல்ல முடியாது. மூன்று கைப்பேசிகளில் கடுக்கன் ஓடியது. வளையம் இல்லாத காதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தர் நகை பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு திரைமேல் குனிந்தார். "ஒண்ணும் வெளங்கல. கட்டங் கட்டமா இருக்கு." பெரியம்மா தன் கருத்தாக, ஓட்டை இருந்தாலும் முடி மறைத்திருக்கும் என்றார். பாலா வேப்பமர நிழலை விட்டு எழுந்து வந்து, எங்கே அந்தக் குதிரை என்று கேட்டான். கதிர் பந்திக்கு இலை போட்டுவிட்டு, யாரும் வராததால் தானும் வந்து எட்டிப் பார்த்தார். இதுவரை பெயரே தெரியாத அந்தப் படத்தைப் பற்றி இப்போது எங்கள் வம்சத்தில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

சாப்பிட்டு முடித்து, பத்தர் மொபெட்டைக் கிளப்பப் போனார். கிளப்பவில்லை. திரும்பி வந்தார்.

"நடராசா, என்னையத் திரும்பச் சேத்து விடு."

நடராசன் சார் கைப்பேசியை எடுத்தார். சேர்த்த ஒலி என் பையிலிருந்தும் கேட்டது. பத்தர் எங்கள் எதிரிலேயே நின்று, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். நாங்கள் காத்திருந்தோம். எதிரில் நிற்கிறவரிடம் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கவும் முடியவில்லை.

வந்தது.

"அனைவருக்கும் வணக்கம். இன்று குழந்தைக்குக் காதுகுத்து இனிதே முடிந்தது. இரட்டையர்தான்."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பார்வை சொல்லு பார்க்கலாம் என்றது. அத்தையிடமிருந்து இனியாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன், ஒரு கை அவளுக்குப் போய்விட்டது. மற்றக் கையின் கட்டை விரலால் தட்டினேன்.

"இல்லை."

அனுப்பிவிட்டேன்.